எதுக்கக்காவின் ஆரஞ்சு நாடா

அந்தக் குழந்தைகள் மருத்துவமனையின் மருந்தகத்துக்கு யார் போன் செய்தாலும் மறுமுனையில் "ஹலோ" கேட்காது. "எதுக்கு?" என்றுதான் கேட்கும். அதனால் மருந்தகத் தலைவிக்கு அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு நின்றுபோனது. டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும், வாசலில் வண்டிகளை ஒழுங்குபடுத்துகிறவருக்கும்கூட அவள் எதுக்கக்கா.

காரணம் இல்லாமல் யாரும் அப்படிக் கேட்க மாட்டார்கள். மருந்தகத்தின் பின்னறையில் ஒரு இரும்பு அலமாரி இருந்தது. சாதாரண ஆன்டிபயாடிக்குகள் முன்னால் தட்டுகளில் இருக்கும். அவை எல்லாம் தோற்ற பிறகு கைகொடுக்க வேண்டிய மருந்துகள் மட்டும் அலமாரிக்குள். சாவி அக்காவின் வெள்ளைக் கோட்டுப் பையில். அதிலிருந்து எது வேண்டுமென்றாலும் டாக்டர் தானே போன் செய்து காரணம் சொல்ல வேண்டும் என்பது மருத்துவமனை போட்ட விதி. விதியை மருத்துவமனை போட்டதே தவிர, அதற்கு ஒரு குரல் கொடுத்தது அக்காதான்.

குழந்தை உயிருக்குப் போராடுகிறது என்றால் கேள்வியே கிடையாது. லிஃப்டுக்குக் காத்திராமல் மருந்தோடு படியேறி ஓடுவாள். கேள்வியை மறுநாள் கேட்பாள். மற்ற நாட்களில் அவளிடம் பருப்பு வேகாது. ஒரு இளம் டாக்டர் அவள் சாப்பிடப் போகும் வேளை பார்த்து போன் செய்தார். எடுத்தது உதவியாளர். வாய் நிறைய சோற்றோடு அவரும் "எதுக்கு?" என்றார். இன்னொருவர் குரலைக் கனமாக்கிக்கொண்டு, நான் டைரக்டர் பேசுகிறேன் என்று ஆரம்பித்தார். டைரக்டர் இங்கே என் எதிரில்தான் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருக்கிறார், வேண்டுமானால் நீங்கள் இருவரும் பேசிக்கொள்ளுங்கள் என்று அக்கா போனை அவரிடமே நீட்டிவிட்டாள்.

அவள் முன்னெல்லாம் ஹலோ சொன்னவள்தான். சில வருடங்களுக்கு முன், பிறந்து கண்கூடச் சரியாகத் திறக்காத ஒரு குழந்தைக்காக அந்த அலமாரியிலிருந்து ஒவ்வொரு பெட்டியாக எடுத்து மேலே அனுப்பினாள். பரிசோதனைக் கூடத்திலிருந்து ஒவ்வொன்றுக்கும் ஒரே பதில்தான் வந்தது: இந்த மருந்தும் இந்தக் கிருமியிடம் எடுபடவில்லை. தேவையில்லாத இடத்திலெல்லாம் கொடுத்துக் கொடுத்து, கிருமிகளுக்கு எல்லா மருந்தும் பழகிப்போயிருந்தது. குழந்தையின் தாய் மருந்தக ஜன்னலுக்கு வெளியே நின்று, வேற மருந்து இல்லையா என்று கேட்டாள். அலமாரி முழுக்க மருந்து இருந்தது. அந்தக் கேள்விக்குப் பதில் மட்டும் இல்லை. இதை அக்கா யாரிடமும் சொல்வதில்லை. அதற்குப் பிறகு அவள் போனில் ஹலோ சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அலமாரியைப் பூட்டினால் மட்டும் போதாது என்பது அவளுக்குச் சீக்கிரமே புரிந்தது. எந்த ஆன்டிபயாடிக்கையும் ஆரம்பிக்க ஆயிரம் கை நீளும், நிறுத்தத்தான் ஒரு கை வராது. காய்ச்சல் இறங்கியிருக்கும், பரிசோதனை முடிவும் நல்லதாகவே வந்திருக்கும். ஆனாலும் மருந்து சொட்டிக்கொண்டே இருக்கும், மூடாத குழாய் மாதிரி. அதற்குத்தான் அக்கா தையல் கடையிலிருந்து ஆரஞ்சு நிற நாடா வாங்கி வந்தாள்.

ஏற்பாடு எளிமையானது. எந்தக் குழந்தைக்கு ஆன்டிபயாடிக் ஆரம்பித்தாலும் அதன் சலைன் ஸ்டாண்டில் ஒரு நாடா கட்டப்படும். குறித்த நாளில் டாக்டர் அந்தக் கட்டிலுக்கு முன்னால் வந்து நின்று யோசிக்க வேண்டும். மருந்து போதும் என்றால் கத்தரிக்கோலால் நாடாவை வெட்ட வேண்டும். இன்னும் வேண்டும் என்றால் இரண்டாவது நாடா கட்டி, எதுக்கு என்று அக்காவுக்குச் சொல்ல வேண்டும். வெட்டிய துண்டுகள் குழந்தைக்குப் பரிசு.

பரிசு என்று ஒன்றை வைத்ததும் வார்டு தலைகீழானது. கிழிந்த காகிதத்தைக்கூடச் சேர்த்துவைக்கிற வயதில் பளபளக்கும் நாடாவை விடுவார்களா? கட்டைவிரலில் சுற்றிக்கொண்டார்கள், பொம்மையின் கழுத்தில் கட்டினார்கள். நாடா இல்லாத குழந்தைகள் தங்களுக்கு மட்டும் ஏன் இல்லை என்று அழுதார்கள். பெற்றோர்களின் கணக்கு வேறு. நாடா கட்டிய கட்டிலில் பெரிய மருந்து போகிறது, தங்கள் பிள்ளையை மட்டும் கவனிப்பாரில்லை என்று அவர்கள் முணுமுணுத்தார்கள்.

இந்த நாடா வேலையில் துளியும் சேராதவர் பெரிய டாக்டர் ஒருவர்தான். அந்த மருத்துவமனையிலேயே தலைநரைத்தவர். குழந்தையின் வயிற்றில் இரண்டு விரலை வைத்தே பாதி நோயைச் சொல்லிவிடுவார். நல்ல மருந்துகள் வந்து சேராத காலத்தில் எத்தனையோ குழந்தைகளைக் கைநழுவ விட்டவர் என்பதால், கிடைக்கிற காலத்தில் மருந்தை நிறுத்த அவருக்கு மனம் வராது. கத்தரிக்கோலை நீட்டினால், நான் என்ன கடை திறப்பு விழாவுக்கா வந்திருக்கிறேன் என்பார். இரண்டாவது நாடா கட்டச் சொல்வார். எதுக்கு என்ற கேள்விக்கு எப்போதும் ஒரே பதில்தான்: "பாதுகாப்புக்கு." அவருடைய வரிசையில் இருந்த ஸ்டாண்டுகள் எல்லாம் கல்யாண வண்டி மாதிரி அலங்காரமாக நிற்கும்.

சைக்கிளிலிருந்து விழுந்து, காயம் சீழ் பிடித்து, முழங்கால் பரங்கிக்காய் மாதிரி வீங்கி வந்து சேர்ந்தான் ஒரு பையன். நர்சுகள் அவனுக்கு முழங்கால் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பெரிய டாக்டரின் நோயாளி. மருந்து சரியாகவே வேலை செய்தது, வீக்கம் வடிந்தது. அக்கா நடைபாதையில் பெரிய டாக்டரை வழிமறித்தாள்.

"டாக்டர், ஒரே ஒரு பையன். குறிச்ச நாள்ல நாடாவ வெட்டிடுங்க. என்ன ஆகுதுன்னு பார்ப்போம்."

"ஏதாவது ஆச்சுன்னா அவங்க அம்மாவுக்கு நீ பதில் சொல்லுவியா?"

"சொல்றேன். ஒண்ணும் ஆகலன்னா நீங்க எனக்குப் பதில் சொல்லணும்."

"என்னன்னு?"

"மத்த பிள்ளைங்களுக்கெல்லாம் எதுக்குன்னு."

அவர் சிரித்துவிட்டார். சிரிப்போடு சம்மதமும் வந்துவிட்டது. முழங்கால் நல்லபடியாக வீடு போய்ச் சேர்ந்தால் தன் வரிசை முழுவதிலும் கத்தரிக்கோலைப் பிடிப்பதாக வாக்குக் கொடுத்தார். குறித்த நாளில் அவர் வெளியூரில் இருக்க வேண்டியிருந்தது. நாடாவை வெட்டிவிட்டு மருந்தை நிறுத்தச் சொல்லி, தன் உதவி டாக்டரிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டுப் போனார்.

அதே வாரம் அக்காவின் தம்பி மகளுக்குக் காய்ச்சல் வந்தது. ஆறு வயது. வாய்க்கு ஓய்வே தராதவள். தூக்கத்திலும் பேசுகிறவள் பேச்சைக் குறைத்ததும் வீடே பயந்துபோய் அவளைத் தூக்கிக்கொண்டு வந்தது. முழங்காலுக்கு அடுத்த கட்டில்தான் காலியாக இருந்தது. அவளைப் பார்த்தது பெரிய டாக்டரின் பிரிவு இல்லை, ஒரு டாக்டரம்மா. பரிசோதனைகளைப் பார்த்துவிட்டு அவர், இது வைரஸ் காய்ச்சல், ஆன்டிபயாடிக் இதைத் தொடவே தொடாது, சலைனும் காய்ச்சல் மருந்தும் போதும், ஏதாவது மாறினால் நானே முடிவை மாற்றுகிறேன் என்றார்.

தம்பிக்கு இது இறங்கவில்லை. படியிறங்கி நேரே மருந்தக ஜன்னலுக்கு வந்து நின்றான். அக்காவை அவன் சின்ன வயதிலிருந்தே எதிர்த்துப் பேசியதில்லை. அன்று பேசினான்.

"பக்கத்துக் கட்டில் பையன் முழங்கால்ல அடிபட்டு வந்தான். அவனுக்கு நாடா. என் பொண்ணு அனலா கொதிக்கிறா. அவளுக்கு உப்புத் தண்ணி."

"அவனுக்கு வந்தது வேறடா. இவளுக்கு வந்தது வேற."

"சாவி உன் பைல இருக்கு. ஊருக்கெல்லாம் எடுத்துக் குடுக்கற, உன் தம்பிக்குத் திறக்க மாட்டேங்கற."

"சாவி என் பைல இருக்கு, முடிவு டாக்டரம்மாகிட்ட இருக்கு. அவங்க சரியாத்தான் சொல்றாங்க."

"அவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா எனக்கு அக்கா இல்ல."

டாக்டரம்மா சொன்னது சரி என்று அக்காவுக்குத் தெரியும். தெரிந்தும், அன்று முழுவதும் காரணமில்லாமல் வார்டுக்குப் போய்ப் போய்ப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தாள். சாவி இருந்த பையில் கையை விட்டபடியே நடந்தாள் என்று வார்டு சிஸ்டர் பிறகு சொன்னார். ஆனால் அலமாரியைத் திறக்கவில்லை. ஒரு தடவை தன் வீட்டுக்காகத் திறந்துவிட்டால், பிறகு எந்த டாக்டரிடமும் எதுக்கு என்று கேட்க அவளுக்கு நாக்கு எழாது.

மறுநாள் காலை அக்கா வார்டுக்குள் நுழைந்தபோது தம்பி கட்டிலருகே உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவன் மகள் தலையணையில் சாய்ந்து அவனுக்கு ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தாள். காய்ச்சல் இறங்கத் தொடங்கியிருந்தது. அவளுடைய சலைன் ஸ்டாண்டில் ஒரு ஆரஞ்சு நாடா தொங்கியது.

தம்பி அக்காவைப் பார்த்து, சின்ன வயதில் தன் குறும்பை அவள் மறைத்து வைத்தபோது சிரிப்பானே, அப்படி ஒரு சிரிப்பு மட்டும் சிரித்தான். அக்காவுக்கு விளங்கிவிட்டது. நாடாவைப் பார்த்து, தனக்காக அலமாரி திறந்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறான். வேறு எந்தக் குழந்தைக்கோ வெட்டிக் கொடுத்த துண்டை வாங்கி இந்த வாயாடி கட்டிக்கொண்டிருப்பாள் என்று அக்கா முடிவு செய்தாள். அவிழ்த்து எறிந்திருக்கலாம். இத்தனை நேரத்துக்குப் பிறகு இப்போதுதான் சாப்பிடுகிறான், சாப்பிட்டு முடிக்கட்டும் என்று விட்டுவிட்டாள். மாத்திரைப் பட்டையில் ஒரு எழுத்து அழிந்திருந்தாலும் திருப்பி அனுப்புகிறவள், நாடா வெட்டிய துண்டா முழு நாடாவா என்று பார்க்கவில்லை.

மதியத்துக்குள் போன்கள் வரத் தொடங்கின. இன்றைக்கு எதுக்கு என்று கேட்பீர்களா, இல்லை சொந்தக்காரர்களுக்கு மட்டும் கேள்வி கிடையாதா என்றது ஒரு குரல். தானும் அவளுக்குத் தூரத்துத் தம்பி முறைதான் என்றது இன்னொரு குரல். குரலை மாற்றி டைரக்டராக நடித்த டாக்டர் இந்த முறை சொந்தக் குரலிலேயே பேசினார்: "அக்கா, நீங்களும் எங்கள மாதிரிதான்னு தெரிஞ்சதுல மனசுக்கு ஒரு ஆறுதல்." எல்லாரும் அந்த நாடாவைப் பார்த்திருந்தார்கள். அக்கா மறுத்துச் சொன்னதெல்லாம் ஜன்னல் கண்ணாடியிலேயே முட்டி நின்றது. நாடாவைக் கொண்டுவந்ததே அவள்தான். நாடா பொய் சொல்லாது என்று அத்தனை பேரையும் நம்பவைத்ததும் அவள்தான்.

பெரிய டாக்டர் ஊரிலிருந்து திரும்பிய காலையில் போன் மணி அடித்தது.

"எதுக்கு?" என்றாள் அக்கா, கொஞ்சம் சுரத்தில்லாமல்.

"அதத்தான் நானும் கேட்கறேன். மேல வாம்மா."

வார்டில் முழங்கால் கட்டிலில் இல்லை, கழிப்பறையில் இருந்தான். காலையிலிருந்து போவதும் வருவதுமாக இருக்கிறான் என்று அவன் அம்மா கையைப் பிசைந்தாள். ஆன்டிபயாடிக் சில பிள்ளைகளின் வயிற்றை இப்படித்தான் கலக்கிவிடும். அவன் ஸ்டாண்டில் மருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. நேற்றே நின்றிருக்க வேண்டிய மருந்து.

"எதுக்கு இது இன்னும் போகுது?" என்று பெரிய டாக்டர் நர்சிடம் கேட்டார். நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லவில்லை என்றார் நர்ஸ். உதவி டாக்டர், தான் வந்தபோது நாடா இல்லை, வேறு யாரோ வெட்டிவிட்டார்கள், மருந்தும் நின்றுவிட்டது என்று நினைத்து அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டதாகச் சொன்னார். நோயாளியைப் பார்ப்பதற்குப் பதில் நாடாவைப் பார்த்துவிட்டுப் போகும் தவறை உலகத்தில் வேறு எந்த மருத்துவமனையாலும் செய்திருக்க முடியாது. வேறு எங்கும் நாடா கிடையாது.

பெரிய டாக்டர் அடுத்த கட்டிலைக் காட்டினார். "என் பையனோட நாடா காணோம். உன் தம்பி பொண்ணுக்கு நாடா இருக்கு. அலமாரிக்கு ரெண்டு சாவி போலிருக்கு. ஊருக்கு ஒண்ணு, வீட்டுக்கு ஒண்ணு."

அக்கா பதில் சொல்வதற்குள் தம்பி எழுந்து நின்றான். "என் அக்கா எனக்காகத் திறந்தாங்க. அதுல என்ன தப்பு சார்? இப்ப பாருங்க, காய்ச்சல் போயிடுச்சு." குரலில் பெருமை பொங்கியது.

"யாரு, எதத் திறந்தது?" என்றார் வார்டு சிஸ்டர். "இந்தப் பொண்ணுக்கு சலைனும் காய்ச்சல் மருந்தும் தவிர ஒரு சொட்டு போகல. ஊசி போட்டதெல்லாம் நான். எனக்குத் தெரியாதா?"

வார்டு சட்டென்று அடங்கியது. எல்லாரும் நாடாவைப் பார்த்தார்கள். நாடாவுக்குச் சொந்தக்காரி அமைதியைப் பொறுத்துக்கொள்ளும் பிள்ளை இல்லை.

"அது என்னோடது. டைனோசர் குடுத்து வாங்கினேன்."

கழிப்பறையிலிருந்து அப்போதுதான் நொண்டிக்கொண்டு திரும்பிய முழங்கால், தலையணைக்கு அடியில் கைவிட்டு ஒரு பச்சை டைனோசரை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டான். "திருப்பித் தர மாட்டேன். வித்தா வித்ததுதான்."

பெரிய டாக்டர் குனிந்து முடிச்சைப் பார்த்தார். வெட்டுப்படாத முழு நாடா. நிமிர்ந்தபோது அவர் முகத்தில் கோபமும் இருந்தது, அதற்குப் பின்னால் வேறு ஏதோ ஒன்று வாயை அடக்கிக்கொண்டும் இருந்தது.

"ஊரையே எதுக்கு எதுக்குன்னு கேட்கறவ, இத எதுக்குன்னு ஒரு வார்த்த கேட்கலையே."

"கேட்கல டாக்டர். நேத்தே பார்த்தேன், வெட்டின துண்டுன்னு விட்டுட்டேன். தப்பு என்னோடது."

"தப்புன்னா சாதாரணத் தப்பா? ஒரு நாள் கூடப் போயிருக்கு. எதுக்கு? தேவையே இல்லாம ஒரு குழந்தையோட வயித்தக் கெடுத்து, இருக்கற நல்ல கிருமியெல்லாம் கொன்னு..."

அதோடு நிறுத்திக்கொண்டார். தன் வாயிலிருந்து வந்தது யாருடைய வசனம் என்று அவருக்கே கேட்டிருக்க வேண்டும். வார்டு சிஸ்டர் அவசரமாகப் பஞ்சு மடிக்கத் தொடங்கினார். அக்கா வாயே திறக்கவில்லை. அன்று அவள் செய்த ஒரே கெட்டிக்காரத்தனம் அதுதான். பெரிய டாக்டரின் பார்வை தன் வரிசையில், இரட்டை நாடா கட்டிய ஸ்டாண்டுகள் மேல் ஒவ்வொன்றாகப் போய்க் கடைசியில் அக்காவிடம் வந்தது.

"கத்தரிக்கோல் எங்க?" என்றார்.

முழங்காலின் மருந்தை நிறுத்தினார். பிறகு தன் வரிசைக்குப் போய் ஒவ்வொரு கட்டிலுக்கும் முன்னால் நின்றார். எல்லா நாடாவையும் வெட்டவில்லை, வெட்டவும் கூடாது. சில குழந்தைகளுக்கு மருந்து உண்மையிலேயே வேண்டியிருந்தது. ஆனால் ஒவ்வொரு இடத்திலும் நின்று யோசித்தார். அக்கா கேட்டதும் அவ்வளவுதான்.

தம்பி நடைபாதைக்குப் போயிருந்தான். அக்கா பின்னாலேயே போனாள்.

"என்ன ஏமாத்திட்ட" என்றான், ஜன்னலைப் பார்த்தபடி.

"மருந்து குடுத்தேன்னு நான் எப்படா சொன்னேன்?"

"குடுக்கலன்னும் சொல்லலையே."

அவன் மாமனார் வீடு வரைக்கும் போன் போட்டு, அக்கா பெரிய மருந்தை எடுத்துக் கொடுத்தாள், பிள்ளை பிழைத்தாள் என்று சொல்லி முடித்திருந்தான். இப்போது அத்தனை பேரிடமும், மருந்தே போகவில்லை, காய்ச்சல் தானாகவே போய்விட்டது என்று சொல்ல வேண்டும். அவனுக்கு அதில்தான் அதிக வலி.

நாடா ஏற்பாட்டை அக்கா அன்றே திருத்தினாள். சின்னக் கைகள் எட்டாத உயரத்துக்கு நாடா போனது. நாடாவைத் தொட்டவர் நர்சிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று ஆனது. தன் தவறை அடுத்த கூட்டத்தில் அவளே எழுந்து நின்று எல்லாருக்கும் முன்னால் சொன்னாள். டைரக்டர் குரல் டாக்டர், எதுக்கு என்று கேட்டுச் சிரிப்பை வாங்கிக்கொண்டார். ஆனால் மிச்சமிருந்த பெரிய ஓட்டையை அடைத்தது கூட்டம் இல்லை. வீட்டுக்குப் போகும் நாளில் தம்பி மகள் கட்டிலிலிருந்து இறங்க மறுத்தாள்.

"அவனுக்கு மருந்து குடுத்ததுக்கு நாடா. எனக்கு மருந்து இல்லாமயே சரியாச்சு. அதுக்கு நாடா இல்லையா அத்தை?"

அதற்குள் ஒரு நியாயம் இருந்தது. அடுத்த வாரம் தையல் கடையிலிருந்து நீல நாடாவும் வந்தது. ஆன்டிபயாடிக் வேண்டாத குழந்தைக்கு நீலம். என் பிள்ளையைக் கவனிப்பாரில்லை என்று முணுமுணுத்த பெற்றோர்கள், டாக்டர் பார்த்து யோசித்து வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறார் என்பதை அந்த நிறத்தில் பார்த்தார்கள். கொஞ்ச நாளில், எங்களுக்கு நீலம் கிடையாதா என்று கேட்கிறவர்களும் வந்தார்கள்.

தம்பி மட்டும் வரவில்லை. போனும் இல்லை. அக்கா வேலை முடிந்து போகும்போதெல்லாம் அவன் தெருமுனையில் ஒரு நொடி வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் போவாள்.

பிறகு ஒரு மாலை அவனே மருந்தக ஜன்னலுக்கு வந்து நின்றான். பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று அக்கா கேட்டாள். பேச்சு தாங்கவில்லை, இன்னொரு தடவை காய்ச்சல் வந்தால்கூடத் தேவலை என்றான். பிறகு கண்ணாடியில் விரலால் கோடு போட்டான். எதையாவது கேட்க வெட்கமாக இருந்தால் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

"அக்கா, அந்த ஆரஞ்சு நாடா ஒரு துண்டு இருக்கா?"

"எதுக்கு?"

"மருந்து போகலன்னு சொல்ற, சரி, நம்பறேன். ஆனா நாடா கட்டின அன்னிக்குத்தானே அவளுக்குக் காய்ச்சல் இறங்குச்சு? வீட்ல ஒண்ணு இருக்கட்டும்."

"எதுக்குடா?"

தம்பி சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான்.

"பாதுகாப்புக்கு."

வைரஸ், காய்ச்சல், உடம்பு தானே போராடுவது என்று விளக்கமாகச் சொல்ல அக்கா வாயெடுத்தாள். பாதுகாப்புக்கு என்று சொல்லி அவளிடம் எத்தனையோ பேர் எத்தனையோ கேட்டிருக்கிறார்கள். கொடுத்தால் யாருக்கும் எந்தக் கெடுதலும் வராத ஒன்றை இவன் ஒருவன்தான் கேட்டிருக்கிறான். இழுப்பறையைத் திறந்து, நாடாச் சுருளை எடுத்து, கையளவு நறுக்கி ஜன்னல் வழியே நீட்டினாள்.

"ஒண்ணு போதுமா?" என்றாள்.

"ரெண்டா குடு" என்றான் தம்பி.